சின்ன டென்ட்: கடையில் பார்ப்பது முதல் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது வரை

டென்ட் பையின் மேல் ‘2 பெர்சன்’ என்று போட்டிருந்தால், இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி, பைகளை வெளியே விட்டுவிட்டு, புரளாமல் படுத்தால் உள்ளே கொள்ளும் என்று அர்த்தம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தால் துணிக்கு அந்தக் குணம் உண்டு. தையலுக்கு உண்டா என்பது தனிக் கேள்வி. படுத்துப் பார்த்தால்தான் இடம் தெரியும், தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் ஒழுகல் தெரியும். இந்த இரண்டையும் கொடைக்கானல் மேல்மலையில் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிந்துகொள்வதைவிட வீட்டு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெரிந்துகொள்வது மேல்.

இரண்டு, மூன்று பேர் வார இறுதியில் மலைக்கு எடுத்துப்போகும் சின்ன டோம் டென்ட்டை மனதில் வைத்து எழுதியது இது. இமயமலைப் பனிக்கான டென்ட்டின் கணக்கு வேறு.

எந்த ஊர், எந்த மாதம், சுமப்பது யார்

கடைக்குப் போகும் முன் இந்த மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் இருந்து போகிறவருக்கு அங்கே 13 டிகிரி வரை குறைவு. மார்கழி, தை இரவுகளில் அங்கே வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். ஊட்டியில் உறைபனியே விழும். இதைக் கேட்டதும் பலர் ‘குளிர் தாங்கும் டென்ட்’ தேடுகிறார்கள். மெல்லிய பாலியஸ்டர் துணி வெளிக்குளிரில் சில டிகிரியைத்தான் தடுக்கும். குளிரைத் தாங்குவது ஸ்லீப்பிங் பேகும் முதுகுக்குக் கீழே இருக்கும் பாயும்தான். டென்ட்டின் வேலை மழை, பனி, காற்று, பூச்சி ஆகிய நான்கையும் வெளியே நிறுத்துவது. பணத்தைப் பிரிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போகிறவருக்குப் பெரிய தொல்லை பனி ஈரம். அக்டோபர், நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை, கூடலூர், மேகமலைப் பக்கம் போனால் தென்மேற்கு மழையோடு அட்டையும் சேரும். அப்போது தரைத்துணி சுவர்போல 10 செ.மீ.யாவது மேலேறி வந்து, அதற்கு மேல் ஓட்டையில்லாத வலை இருப்பது அவசியம்.

கார் டிக்கியில் போகும் டென்ட் 3 கிலோ இருந்தாலும் தொந்தரவில்லை. முதுகில் சுமந்து நடப்பதானால் இரண்டு பேர் டென்ட் 2.5 கிலோவுக்குள் இருக்கட்டும். கம்பியை ஒருவர், துணியை ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. பெட்டியில் போட்ட எடையை நம்பாமல் லக்கேஜ் தராசில் மாட்டிப் பாருங்கள். சில கம்பெனிகள் முளையையும் பையையும் கழித்துவிட்டு எழுதுகின்றன. உதறினாலே விரிந்துகொள்ளும் ‘பாப்-அப்’ டென்ட் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மடித்தால் அது பெரிய தாம்பாளம்போல 70, 80 செ.மீ. வட்டமாக நிற்கும். பஸ்ஸின் மேல்தட்டில் வைக்க முடியாது, பைக்கில் கட்டினால் காற்றைப் பிடிக்கும். கார் வைத்திருப்பவர்கள் வாங்கலாம்.

அளவு: ஹாலில் சாக்பீஸால் ஒரு கட்டம்

வாங்க நினைக்கும் டென்ட்டின் உள்ளளவைப் பாருங்கள். இரண்டு பேர் டென்ட் பெரும்பாலும் 210 செ.மீ. நீளம், 130 முதல் 145 செ.மீ. அகலம் இருக்கும். அந்த அளவுக்கு ஹால் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, இரண்டு பாயை விரித்து, கூட வரப்போகிறவரையும் அழைத்துப் படுத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டாமல் ஒரு முறை புரள முடிகிறதா? தலைமாட்டில் ஒரு பை வைக்க இடம் இருக்கிறதா?

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் உயரத்தோடு 30 செ.மீ. கூட்டுங்கள். டோம் டென்ட்டின் சுவர் சாய்ந்து ஏறுவதால் தரையில் 210 என்றால் முகத்தின் உயரத்தில் அது 190கூட இருக்காது. 178 செ.மீ. உயரமுள்ளவர் 200 செ.மீ. டென்ட்டில் படுத்தால் கால்விரலோ தலையோ சுவரைத் தொடும். தொடுகிற இடத்தில் ஈரம் இறங்கும். ஸ்லீப்பிங் பேகின் கால்பக்கம் நனைந்துபோனதற்கு மழையைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

உயரத்தைச் சம்மணமிட்டு உட்கார்ந்து அளக்க வேண்டும். சுவரோரம் உட்கார்ந்து தலைக்கு நேராக ஒரு கோடு போட்டால் பெரும்பாலோருக்கு 80 முதல் 90 செ.மீ. வரும். டென்ட்டின் உச்சி 105 செ.மீ.யாவது இருந்தால் சட்டை மாற்றலாம். அந்த உயரமும் நட்டநடுவில் மட்டும்தான்.

சராசரி உடம்புள்ள இரண்டு பெரியவர்கள் பைகளோடு படுக்க ‘3 பெர்சன்’ டென்ட்தான் சரி. அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ கூடும், தூக்கம் கிடைக்கும். தனியாகப் போகிறவருக்கு ‘2 பெர்சன்’ அரண்மனை.

வாசல் ஒன்றா இரண்டா என்பதும் சின்ன விஷயமில்லை. ஒரே வாசல் பக்கவாட்டில் இருந்தால் உள்ளே படுத்தவர் ராத்திரி எழும்போது மற்றவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். வாசலுக்கு முன்னால் மேல்விரிப்பு (டென்ட்டின் மேல் போர்த்தும் மழைத்துணி) நீண்டு ஒரு திண்ணைபோல நிற்கும் இடம் 60 செ.மீ. ஆழமாவது இருந்தால் செருப்பும் ஈரப்பையும் அங்கே தங்கும். அந்தத் திண்ணையை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. குளிருக்குக் கரித்தணலை உள்ளே வைப்பது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் விழிப்பதும் இல்லை.

ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு

இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றை அடுக்கு: ஒரே துணி, மேலே தொப்பிபோல ஒரு சின்ன மூடி. இரட்டை அடுக்கில் உள்ளே வலையும் மெல்லிய துணியுமாக ஓர் உள்கூடு, அதைத் தொடாமல் தரைவரை இறங்கும் மேல்விரிப்பு.

வித்தியாசம் விடிகாலையில் தெரியும். தூங்கும் இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் வெளிவிடும் ஈரம் கிட்டத்தட்ட அரை லிட்டர். வெளியே குளிர்ந்த துணியில் அது பட்டதும் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். டென்ட் வியர்க்கிறது என்பார்கள். இரட்டை அடுக்கில் அந்தத் துளிகள் மேல்விரிப்பின் உட்புறத்தில் கோத்து, உள்கூட்டுக்கு வெளியிலேயே வழிந்து மண்ணில் இறங்கும். ஒற்றை அடுக்கில் நேராக உங்கள் முகத்தில். மலைக்குப் போகிறவருக்கு இரட்டை அடுக்குதான். கோடையில் மாடியில் கொசுவலைபோலப் பயன்படுத்தவோ பிள்ளைகள் விளையாடவோ ஒற்றை அடுக்கு போதும், வீண்செலவு வேண்டாம்.

மேல்விரிப்பு எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டால் சாரல் உள்ளே வரும். உச்சியில் காற்றுப்போக்கி இருக்க வேண்டும். அதைத் திறந்து நிறுத்த ஒரு சின்னக் குச்சியோ கம்பியோ தைத்திருப்பார்கள். வியர்வையைக் குறைப்பது அதுதான்.

லேபிளில் உள்ள எண்கள்

‘1500 மி.மீ., 2000 மி.மீ., 3000 மி.மீ.’ என்று போட்டிருப்பது துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசிய ஆரம்பிக்கும் என்ற அளவு. மேல்விரிப்புக்கு 1500 இருந்தாலே சாதாரண மழை தாங்கும்; 2000 என்றால் நிம்மதி. தரைத்துணிக்கு 3000க்குக் குறையாமல் தேடுங்கள். மழைத்துளியைவிட நம் முழங்கால் அழுத்தம் பல மடங்கு என்பதுதான் காரணம். 60 கிலோ உடம்பு, இரண்டு முழங்காலும் சேர்ந்து தரையில் படும் இடம் ஏறத்தாழ 100 சதுர செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ. அது 6,000 மி.மீ. தண்ணீர் நின்றதற்குச் சமம். ஈரப்புல்லில் மண்டிபோட்ட இடத்தில் மட்டும் நனைவது இதனால்தான். மண் மெத்தென்று இருந்தால் எடை பரவி அழுத்தம் குறையும். பாறையின் மேலோ சிமென்ட் தரையிலோ அப்படிப் பரவாது.

190டி (190T) என்ற எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே டி என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடுமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை. நெசவு தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். இழை எவ்வளவு தடிமன் என்பது டெனியர்: 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். அதை டி (D) என்று போடுவார்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். 190 டெனியர் என்று நினைத்துக்கொண்டு 190 இழைத் துணியை வாங்காதீர்கள். மேல்விரிப்புக்கு 68, 75 டெனியர் பாலியஸ்டர் போதும். தரைக்குச் சில டென்ட்டுகளில் நீலத் தார்ப்பாய்போல மொறமொறக்கும் பாலித்தீன் போட்டிருப்பார்கள். தண்ணீர் விடாது. ஆனால் ஒரே மடிப்பில் பலமுறை மடித்தால் அந்த வரியிலேயே வெடிக்கும்.

நைலானா பாலியஸ்டரா என்ற விவாதத்தில் அதிக நேரம் போக்க வேண்டாம். நைலான் ஈரத்தில் தொய்யும், ராத்திரி ஒருமுறை எழுந்து கயிற்றை இறுக்க நேரும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. அவ்வளவுதான்.

கடையில் பத்து நிமிடம்

விரித்து வைத்திருக்கும் கடைக்குப் போக முடிந்தால் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். பிறகு இவற்றைப் பாருங்கள்.

மேல்விரிப்பின் உட்புறத்தைத் திருப்பினால் தையல் ஓடும் இடமெல்லாம் கண்ணாடிபோல ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன ஓட்டைகளை அடைப்பது அதுதான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் உரிந்து வரக் கூடாது. நான்கைந்து தையல் கூடும் உச்சியையும், கயிறு கட்டும் வளையம் தைத்த இடத்தையும் தனியாகப் பாருங்கள். பட்டை விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

கம்பி ஃபைபரா அலுமினியமா? ஃபைபர் மலிவு, எடை அதிகம். உடைந்தால் நெடுக்காகப் பிளந்து, கண்ணுக்குத் தெரியாத சிராய்கள் விரலில் ஏறும். அலுமினியம் 7001 அல்லது 7075 ரகமாக இருந்தால் நல்லது. அது முதலில் வளையும், பிறகுதான் உடையும், வளைந்ததைச் சரிசெய்தாவது ஓர் இரவை ஓட்டலாம். காரை நிறுத்திய இடத்திலேயே போடுவதற்கு 8.5 மி.மீ. ஃபைபர் தாராளம். நடந்து போகிறவர் அலுமினியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு.

ஜிப்பை வாசலின் வளைவில் வேகமாக இழுத்துப் பாருங்கள். துணியைக் கடிக்கிறதென்றால் தினமும் கடிக்கும். அடுத்து, கம்பியைத் துணியோடு இணைப்பது கொக்கியா உறையா? கொக்கியில் மாட்டுவது வேகம், இருட்டிலும் முடியும். துணி உறைக்குள் கம்பியைச் செருகுவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் காற்றில் அது கொஞ்சம் கெட்டியாக நிற்கும்.

பெட்டி வந்ததும்

வாங்கியது இணையத்திலானால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் வீட்டுக்குள்ளே, காய்ந்த தரையில். ஈரமான, மண் ஒட்டிய டென்ட்டை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் பாயில் பரப்பி எண்ணுங்கள்: உள்கூடு, மேல்விரிப்பு, கம்பி இரண்டு, முளை 10 முதல் 14, இழுகயிறு நான்கு. முளை குறைவாக வருவது சகஜம். டென்ட்டைச் சுற்றி முளை போட வேண்டிய வளையங்களை எண்ணி, அதற்கு மேல் இரண்டு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி ஓட்டைகள் நட்சத்திரம்போலத் தெரியும்.

கம்பியை இணைப்பதில் ஒரு சூட்சுமம். உதறி எறிந்தால் தானாகச் சேர்ந்துகொள்வது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குழாயின் வாய் இன்னொன்றின் விளிம்பில் மோதி நெளியும், ஃபைபரில் வாய் பிளக்கும். ஒவ்வொரு துண்டாகச் செருகி, முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கம்பி உடைவதற்கு முதல் காரணம் பாதி செருகிய இணைப்பை வளைப்பதுதான். துணி உறைக்குள் விடும்போது தள்ளத்தான் வேண்டும். மறுமுனையைப் பிடித்து இழுத்தால் உள்ளே நடுவில் ஒரு துண்டு கழன்று, நடுவிலிருக்கும் எலாஸ்டிக் மட்டும் நீண்டு, கம்பி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் துணியைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். கழற்றி மடிக்கும்போது நடுத் துண்டில் தொடங்கி இரு முனைக்கும் போனால் எலாஸ்டிக் சீராகத் தளரும்.

மொட்டை மாடியில் நிறுத்துவது

சிமென்ட் தரையில் முளை இறங்காது. 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கை நிரப்பி மூலைக்கு ஒன்றாக வைத்து, கயிற்றை அதன் கழுத்தில் கட்டுங்கள். ஹாலோ பிளாக் கல்லும் ஆகும், ஓரத்தில் கயிறு அறுபடாமல் துணி சுற்றுங்கள். பாரம் வைக்காமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். ஆளில்லாத டென்ட் பட்டம்போலத்தான். கைப்பிடிச்சுவரைத் தாண்டி அடுத்த தெருவில் போய் விழும்.

நிறுத்தியதும் மேல்விரிப்பு உள்கூட்டை எங்காவது தொடுகிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். தொட்டால் பக்கத்துக் கயிறு இறுக்கம் போதவில்லை. மேல்விரிப்பின் உட்புறத்தில் கம்பியைக் கட்டுவதற்கு நாடாவோ வெல்க்ரோவோ தைத்திருப்பார்கள். பெரும்பாலோர் கண்ணில் அது படுவதே இல்லை. அதைக் கட்டினால்தான் கயிற்றின் இழுப்பு கம்பிக்குப் போகும், இல்லையென்றால் துணி தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டும். உச்சியில் உள்ளங்கையை வைத்து ஒரு சாண் அழுத்தி விடுங்கள். துள்ளி எழ வேண்டும்.

இதையே மறுநாள் இருட்டியபின் தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்து பாருங்கள். முதல் முறை அரை மணி நேரம் ஆகலாம். மூன்றாம் முறை பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் மலைக்குத் தயார்.

தண்ணீர்ச் சோதனை

டென்ட்டுக்குள் பழைய செய்தித்தாளைத் தரை தெரியாமல் பரப்புங்கள். ஒரு துளி விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். வாசல்களை மூடுங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஆள் இருந்தால் மூச்சின் ஈரமும் ஒழுகலும் கலந்து குழப்பும்; ஆளில்லாத டென்ட்டில் பதினைந்து நிமிடத்தில் தெரியும் எந்தத் துளியும் ஒழுகல்தான்.

தோட்டக் குழாயில் பூவாளித் தலை மாட்டி, தலைக்கு மேலிருந்து மழைபோல விழும்படி 15 நிமிடம் ஊற்றுங்கள். குழாயை நேராகத் துணியில் வைத்துப் பீய்ச்சினால் எந்த டென்ட்டும் தோற்கும், அது நியாயமான சோதனை இல்லை. அடுத்து ஐந்து நிமிடம் நான்கு பக்கமும் சாய்வாக, காற்றோடு வரும் சாரல்போல. ஜிப்பின் மேல் மூடும் மடிப்புத் துணி சரியாக விழுகிறதா என்பது அப்போது தெரியும்.

துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். விரலால் ஒவ்வொரு தையலையும் தடவுங்கள். ஈரம் தட்டும் இடத்தில் தையல்காரர் சாக்கால் உடனே ஒரு குறி போடுங்கள், காய்ந்தபின் இடம் தெரியாது. தாளில் நனைந்த வட்டத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் தையலோடு வழிந்து தாழ்ந்த முனையில்தான் சொட்டும், மூலம் ஒரு முழம் மேலே இருக்கும்.

தரைக்கு வேறு சோதனை. இரண்டு கோணிச்சாக்கை நன்றாக நனைத்து டென்ட்டுக்கு அடியில் செருகி, உள்ளே தாள் போட்டு, அதன் மேல் ஒரு நிமிடம் மண்டிபோடுங்கள். தாளில் இரண்டு வட்டம் விழுந்தால் பாய் அவசியம், அடிவிரிப்பும் அவசியம். அப்படி விழுந்ததற்காக டென்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்குப்படி அது எதிர்பார்த்ததுதான்.

ஒரு தையலில் இரண்டு மூன்று துளி என்றால் சீம் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) பூசினால் போதும். வரி வரியாகப் பல இடத்தில் இறங்கினால் பட்டையே சரியில்லை, பேசாமல் மாற்றிவிடுங்கள். சீலரில் இரண்டு ரகம் உண்டு. பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்குப் பாலியூரித்தேன் சீலர், சிலிகான் பூச்சுக்குச் சிலிகான் சீலர். மாற்றிப் பூசினால் ஒட்டாமல் உரிந்துவிடும். நாம் வாங்கும் விலையில் வருவது பெரும்பாலும் முதல் ரகம். உரியும் பட்டையை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய தூரிகையால் தையலின் இருபுறமும் அரை செ.மீ. அகலம் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். இல்லாவிட்டால் மடித்து வைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். துணிக் கிழிசலுக்கு ஃபெவிக்விக் போடாதீர்கள். அது கல்போல இறுகி, அதன் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும்.

ஓர் இரவு மாடியில்

மே மாதம் வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த சிமென்ட் ராத்திரி இரண்டு மணி வரை அனலடிக்கும், எதையும் எடைபோட முடியாது. பனி கொட்டும் மார்கழி இரவுதான் சரியான பரீட்சை. இரண்டு பேரும் மலைக்குக் கொண்டுபோகும் அதே பாய், அதே ஸ்லீப்பிங் பேகோடு படுங்கள். காற்றுப்போக்கியைத் திறந்து, வாசல் ஜிப்பை மேல்பக்கம் ஒரு சாண் இறக்கி வையுங்கள், வலை மூடியிருக்கட்டும். காலை ஐந்து மணிக்கு மேல்விரிப்பின் உட்புறத்தைத் தடவினால் ஈரமாகத்தான் இருக்கும். அது குற்றமில்லை. அந்த ஈரம் உள்கூட்டுக்குள் வந்ததா, கால்மாடு நனைந்ததா என்பதுதான் கேள்வி.

மலையில்

இடத்தைப் பற்றி முதலில். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்கென்றே தனி விதிகள் வந்தன. வட்டக்கானல், பூம்பாறை, ஏலகிரி என்று எங்கே போனாலும் பட்டா நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு, யானை வரும் வழியா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேலி இருக்கிறது, ரிசார்ட் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்ட்டில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றது.

யூக்கலிப்டஸ் மரத்தடி நிழலாகத் தெரியும். காய்ந்த கிளையை அது சொல்லாமல் போடும். வறண்ட ஓடைப் படுகை சமமாக, மணலாக, அழைப்பதுபோல இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் அந்த வழியாகத்தான் வரும். தலைமாடு மேடான பக்கம், வாசல் காற்று வராத பக்கம். தீ மூட்டுவதானால் டென்ட்டிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து. ஒரு பொறி விழுந்தாலே பாலியஸ்டரில் பட்டாணி அளவு ஓட்டை.

முளையின் தலை டென்ட்டை விட்டு வெளியே சாய்ந்தும், கூர் டென்ட்டை நோக்கியும் இறங்க வேண்டும். மாடு கட்டிய அனுபவம் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. கூட வரும் மெல்லிய கம்பி முளை இறுகிய செம்மண்ணில் வளைந்துவிடும். 18 செ.மீ. அலுமினிய முளை ஆறு தனியாக வாங்கி, காற்று வரும் பக்கத்துக்கு அவற்றைப் போடுங்கள். பாறையில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல். கடற்கரை மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது.

அடிவிரிப்புக்குத் தார்ப்பாய் போடலாம். டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சின்னதாக வெட்டுங்கள், அல்லது உள்பக்கம் மடியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்விரிப்பில் வழியும் மழையை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ‘புது டென்ட், அடியில் தண்ணி வந்துருச்சு’ என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்தத் தார்ப்பாய்தான்.

கழற்றி வைப்பது

ஈரத்தோடு கழற்ற நேர்ந்தால் மேல்விரிப்பைத் தனி பாலித்தீன் பையில் போடுங்கள், உள்கூடாவது காய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே நிழலில் கொடி கட்டி உலர்த்துங்கள். வாஷிங் மெஷின் கூடாது. பச்சைத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். நாள்கணக்கில் வெயிலில் விட்டால் துணி நைந்துபோகும். ஜிப் அடைத்துக்கொண்டால் பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு.

வைக்கும்போது அது வந்த இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, அலமாரியில், வெப்பம் குறைந்த இடத்தில் வையுங்கள். பரணும் கார் டிக்கியும் வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் துணியின் உட்புறப் பாலியூரித்தேன் பூச்சு சிதையத் தொடங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் அதற்குத் தோதான சூழல் ஆண்டு முழுக்க உண்டு. தொட்டால் பிசுபிசுக்கும், விரிக்கும்போது பழைய செல்லோடேப்போல சர்ரென்று ஒட்டி உரியும், புளித்த வாந்தி வாடை வரும். அந்த நிலைக்கு வந்த மேல்விரிப்பைக் காப்பாற்ற முடியாது. கம்பியையும் முளையையும் எடுத்து வைத்துக்கொண்டு துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.